துணி விற்ற காசில் ஓர் ஊர்!

கோவையில் பிறந்தவர் தொடங்கிய ஓவியர் கிராமம்

துணியில் சாயம் ஏற்றினார்கள். அந்தத் துணியை விற்றார்கள். விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். அந்த நிலத்தில் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள்!

"இதில் என்ன ஆச்சரியம்? எங்கள் திருப்பூரில் இது தினமும் நடப்பதுதானே!" என்று பனியன் தொழிலில் இருப்பவர்கள் கேட்கலாம்.

உண்மைதான். ஆனால் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் ஜவுளி வியாபாரிகள் அல்ல. சாயப்பட்டறை முதலாளிகளும் அல்ல. அவர்கள் ஓவியர்கள், சிற்பிகள். பெரும்பாலோர் அப்போதுதான் படிப்பை முடித்த வாலிபர்கள். கையில் பணம் இல்லை. உதவி செய்யப் பணக்காரர் யாரும் இல்லை. இருந்தது ஒரு சங்கம், கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் சாயம், கை நிறையத் தொழில்.

அந்த ஊருக்குச் சோழமண்டலம் என்று பெயர். சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ஓவியர் கிராமத்தைத் தேடிப் பல நாட்டுக் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். அங்கே உள்ள கண்காட்சியைப் பார்க்க இன்றும் மக்கள் வருகிறார்கள்.

இதை ஆரம்பித்தவர் யார் தெரியுமா? கோயம்புத்தூரில் பிறந்த ஒருவர்!

"படம் சோறு போடுமா?"

திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருப்பான். பனியன் கம்பெனியிலிருந்து அலுத்துப் போய் வந்த தாய் அதைப் பார்ப்பாள்.

"ஏங்கண்ணு, படம் போட்டாச் சோறு கெடைக்குமா? கணக்கப் போடு, போ!"

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல முடியாது. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் மளிகைக் கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியும். நாளைக்குப் பையன் என்ன செய்து பிழைப்பான் என்பது அவளுடைய கவலை.

இந்தக் கேள்வி புதிதல்ல. சென்னையில் ஓவியம் படித்த மாணவர்களும் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் திண்டாடினார்கள். அதற்குச் சிலர் கண்டுபிடித்த பதில்தான் சோழமண்டலம்.

தந்திக் காரியாலயத்தில் உத்தியோகம்

கே.சி.எஸ். பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோவையில் பிறந்தார். சிறு வயதிலேயே அவருக்குப் படம் வரைவதில் ஆசை. இயற்கைக் காட்சிகளை வர்ணத்தில் தீட்டுவார்.

ஆனால் ஆசை ஒரு பக்கம் இழுத்தது; குடும்பம் மறுபக்கம் இழுத்தது. 18 வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. சில வருஷங்கள் அந்த உத்தியோகத்திலேயே போயின.

வேறு யாராக இருந்தாலும் அதோடு தூரிகையை மூட்டை கட்டியிருப்பார்கள். பணிக்கர் அப்படிச் செய்யவில்லை. 1936-ல், தமக்கு 25 வயது ஆனபோது, மறுபடியும் மாணவரானார். சென்னை கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அந்தப் பள்ளி மிகவும் பழமையானது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கியது. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. பணிக்கர் படித்த காலத்தில் அதன் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்திரி. சென்னைக் கடற்கரைக்குப் போனவர்கள் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பார்கள். நான்கு ஆட்கள் ஒரு பெரிய பாறையைத் தள்ளுவார்களே, அதைச் செய்தவர் இவர்தான். அது 1959-ல் திறக்கப்பட்டது.

பணிக்கர் அங்கே படித்து முடித்தார். பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1957-ல் அந்தக் கல்லூரிக்கே முதல்வரானார்.

படித்து முடித்த பிறகு?

பணிக்கருக்குச் சங்கம் என்பது புதிது அல்ல. 1944-லேயே நண்பர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஒருவர் கண்காட்சி வைப்பது கஷ்டம். கூடத்துக்கு வாடகை, படத்துக்குச் சட்டம், அழைப்பிதழ் அச்சுக்கூலி எல்லாம் ஒருவர் தலையில் விழும். பத்துப் பேர் சேர்ந்தால் பாரம் குறையும். ஒருவர் படத்தைப் பார்க்க வந்தவர் பக்கத்தில் உள்ள படத்தையும் பார்ப்பார்.

1954-ல் பணிக்கர் ஐரோப்பாவுக்குப் போனார். லண்டனில் அவருடைய படங்கள் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அந்த நாட்டு ஓவியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். 1961-ல் சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற பத்திரிகையும் வெளிவந்தது.

எல்லாம் சரி. ஆனால் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த பணிக்கரின் மனத்தை ஒரு விஷயம் உறுத்தியது.

வருஷந்தோறும் கெட்டிக்கார மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே போனார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள்? சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்தது. சிலர் விளம்பரக் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் கிடைத்த குமாஸ்தா வேலையில் உட்கார்ந்தார்கள். அக்காலத்தில் சென்னையில் நவீன ஓவியம் வாங்குவார் இல்லை. படம் வரைவது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் சுருங்கியது. பிறகு அதுவும் நின்றது.

வேலைக்குப் போனவர்கள் எல்லாம் தூரிகையை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கைத்தறிக்குப் புதிய டிசைன் போட்டுத் தரும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே புகழ் பெற்றவர்களும் உண்டு. காந்தியடிகளைக் கோட்டுச் சித்திரங்களாக வரைந்து பெயர் வாங்கிய கே.எம். ஆதிமூலம் அப்படிப்பட்டவர்தான்.

ஆனாலும் எல்லோருக்கும் அந்த மாதிரி இடம் கிடைக்காதே! வரைவதை விடாமல் வயிற்றையும் காப்பாற்ற வேண்டும். யாரிடமும் கை நீட்டக் கூடாது. அதற்கு என்ன வழி?

வழி துணியில் இருந்தது.

மெழுகு செய்த உதவி

பத்திக் என்ற துணி வேலையைச் சாயப்பட்டறைக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மற்றவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மெழுகை உருக்கித் தூரிகையால் அதில் படம் வரைய வேண்டும். மெழுகு ஆறியதும் துணியைச் சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடமெல்லாம் ஏறிவிடும்.

முதலில் மஞ்சள் போன்ற வெளிர் நிறம். அந்த மஞ்சள் எங்கே அப்படியே இருக்க வேண்டுமோ, அங்கே மறுபடி மெழுகு. அடுத்து சிவப்பு. பிறகு மறுபடி மெழுகு. கடைசியில் கருநிறம். இப்படி வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடியும்.

இதில் ஒரு கவனம் வேண்டும். சாயத் தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. இருந்தால் மெழுகு உருகிப் படமெல்லாம் பாழாகிவிடும். ஆறிய தண்ணீரில் பிடிக்கும் சாயந்தான் இதற்கு வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும். அல்லது பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே துணியை வைத்து இஸ்திரி போடலாம். மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

மெழுகு அங்கங்கே வெடிக்கும் அல்லவா? அந்த வெடிப்புக்குள் சாயம் நுழைந்து மயிரிழை போன்ற கோடுகளை உண்டாக்கும். எந்தத் துணியில் எந்த இடத்தில் கோடு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு துணி போல இன்னொரு துணி இருக்காது. பத்திக்கின் அழகே அதில்தான் இருக்கிறது.

இந்த வேலைக்கு இந்தோனேசியாவின் ஜாவா தீவு பெயர் பெற்றது. 2009-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இந்தோனேசிய பத்திக்கை மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. 1927-ல் மகாகவி தாகூர் ஜாவாவுக்குப் பிரயாணம் செய்தார். அதன் பிறகு அவருடைய சாந்திநிகேதனத்திலும் பத்திக் வேலை பரவியது.

ஆனால் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் வித்தை நம்முடைய கடற்கரைக்கும் பழக்கமானதுதான். கீழைக் கடற்கரை ஊர்களில் பழைய காலத்தில் கலம்காரித் துணிகள் செய்தார்கள். அவற்றை அவுரிச் சாயத்தில் முக்குவதற்கு முன், நீலம் ஏறக் கூடாத இடங்களில் மெழுகு பூசினார்கள். அந்தத் துணிகள் கப்பல் ஏறி ஜாவா பக்கமும் போயின, ஐரோப்பாவுக்கும் போயின. வெள்ளைக்காரர்கள் இந்தக் கடற்கரையைக் கோரமண்டல் என்று அழைத்தார்கள். சோழமண்டலம் என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று.

ஓவியர்கள் தங்கள் ஊருக்குச் சோழமண்டலம் என்று பெயர் வைத்ததில் இந்தப் பழைய கதையும் அடங்கியிருக்கிறது.

மணலும் சவுக்கும்

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நம் ஊர்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் மாதிரிதான். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்கள். பத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மண் பாத்திரம் எல்லாம் உருவாகின. சங்கத்தின் பெயரில் அவற்றை விற்றார்கள்.

பத்திக் துணிகள் நன்றாக விற்றன. படத்தைச் சுவரில் மாட்டத் தயங்கியவர்கள்கூட, அதே ஓவியர் கையால் செய்த துணியை ஆசையோடு வாங்கினார்கள்.

சேர்ந்த பணத்தைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் நிலம் வாங்கினார்கள்! 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் நிலத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அன்று அது வெறும் மணல் காடு. சவுக்கு மரங்களும் கடற்காற்றுந்தான். முதலில் குடியேறியவர்கள் கீற்றுக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது லேசான வாழ்க்கையா? நாளடைவில் வீடுகள் எழும்பின. பட்டறைகள் வந்தன. கண்காட்சிக் கூடம் வந்தது. நாடகமும் நடனமும் நடத்தத் திறந்தவெளி அரங்கமும் வந்தது.

பணிக்கர் 1967-ல் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருடைய எண்ணமெல்லாம் சோழமண்டலந்தான்.

வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை

அங்கே வாழ்ந்தவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாளின் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு. மறுபகுதி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். கைத்தொழில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது. விற்பனையில் ஒரு பங்கு சங்கத்தின் பொதுச் செலவுக்குப் போயிற்று.

இதனால் பெரிய நன்மை ஒன்று விளைந்தது. படத்தை விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது! வாங்குபவருக்கு மயில் பிடிக்கும் என்பதற்காக மயில் போட வேண்டியதில்லை. அவர் வீட்டுத் திரைச்சீலைக்குப் பொருந்தும் நிறத்தில் தீட்ட வேண்டியதும் இல்லை. துணியில் வாங்குபவரின் விருப்பத்துக்கு இடம் கொடுத்தார்கள். சித்திரத்தில் தங்கள் மனசு சொன்னதைச் செய்தார்கள்.

அந்தச் சுதந்திரத்தில் என்னென்ன பிறந்தன?

பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையில் படங்கள் தீட்டிவந்தார். பார்த்தால் பழைய ஜாதகக் குறிப்பு போல இருக்கும். கட்டங்கள், எண்கள், மலையாள எழுத்தைப் போன்ற எழுத்துக்கள், நடுநடுவே பறவை, பாம்பு, மீன். "என்ன எழுதியிருக்கிறது?" என்று படிக்கப் போனால் படிக்க முடியாது! அவை படிப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. பார்ப்பதற்கு எழுதப்பட்டவை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைப் பார்த்துக் கும்பிடுகிறாள். அவளுக்கு அதில் உள்ள சேதி தெரியாது. ஆனால் ஏதோ பெரியது இருக்கிறது என்று தெரிகிறது. பணிக்கரின் எழுத்துக்களைப் பார்க்கும்போதும் அப்படி ஓர் உணர்ச்சி உண்டாகிறது.

ஜே. சுல்தான் அலி காளை மாட்டையும் பழங்குடி மக்களின் உருவங்களையும் தம் படங்களில் கொண்டுவந்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் கல்லூரியில் பௌதிகம் படித்தவர். செம்புத் தகட்டையும் பித்தளையையும் ஒட்டிப் பற்றவைத்து நம் கோயில் வாகனங்களையும் தேரையும் நினைவூட்டும் சிற்பங்களைச் செய்தார். கே.எம். கோபால், எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே. ஜெயபால பணிக்கர், கே.வி. ஹரிதாசன் என்று பலர் இந்தக் கிராமத்தோடு சேர்ந்து பெயர் பெற்றார்கள். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண்களும் ஆண்களுக்குச் சமமாக நின்று உழைத்தார்கள்.

தமிழர், மலையாளி, கன்னடர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்ற பேதம் அங்கே தலைகாட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே சங்கம்.

கடல் கடந்து வந்தவர்கள்

சோழமண்டலத்தின் பெயர் மெல்ல மெல்லக் கடல் கடந்தது. "ஓவியர்களே தங்கள் காசில் கட்டிய ஊராமே!" என்று பிற நாட்டுக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்கள் தங்கி வேலை செய்ய இடம் ஒதுக்கப்பட்டது. நம்மவர் பட்டறையில் அயல்நாட்டவர் நின்று பார்த்தார். அயல்நாட்டவர் கைவேலையை நம்மவர் பார்த்தார். இரு தரப்பாருக்கும் லாபந்தான்.

இங்கிருந்து வெளியே போனவர்களும் உண்டு. அக்கித்தம் நாராயணனும் வி. விஸ்வநாதனும் 1960-களின் கடைசியில் பாரிஸ் நகரத்துக்குப் போய் அங்கேயே தங்கி ஓவியராகப் புகழ் பெற்றார்கள். பாரிஸ் போனாலும் விஸ்வநாதனுக்கு ஊர் மணல் மறக்கவில்லை. இந்தியக் கடற்கரைகளின் மணலை வைத்தே ஒரு திரைப்படம் எடுத்தார்!

1968-ல் டில்லியில் லலித் கலா அகாடமி ஓர் ஏற்பாடு செய்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை உலக நாட்டு ஓவியர்கள் கலந்துகொள்ளும் 'டிரையன்னாலே' என்ற கண்காட்சியை ஆரம்பித்தது. பல நாட்டுக்காரர்கள் போட்டியிட்ட அந்தக் கண்காட்சியில் 1978-ல் நந்தகோபாலின் சிற்பத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. சவுக்குக் காட்டுப் பட்டறையிலிருந்து போன சிற்பம்!

கண்காட்சியில் என்ன பார்க்கலாம்?

2009-ல் சோழமண்டலத்தில் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை கலைக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த ஓவியர், சிற்பிகளின் படைப்புகள் அங்கே நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன. பணிக்கரின் படங்களையும் அங்கே காணலாம்.

அதோடு புதியவர்களின் படங்களை மாற்றி மாற்றி வைக்கக் கண்காட்சிக் கூடங்கள் உண்டு. ஒரு கூடத்தின் பெயர் இண்டிகோ. சாயத் தொழிலில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவுரி நீலந்தான் அது!

வெளியே மரநிழலில் சிற்பத் தோட்டம். கருங்கல்லிலும் உலோகத்திலும் செய்த சிற்பங்கள். நம் நாட்டுச் சிற்பிகள் செய்தவையும் இருக்கின்றன; பிற நாட்டுச் சிற்பிகள் செய்தவையும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போகிற குடும்பங்கள் பல. வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி ஒரு மணி நேரம் செலவிட்டால் நஷ்டம் இல்லை. பல்லவர் செதுக்கிய கல்லையும் பார்க்கலாம்; நம் காலத்துச் சிற்பி செதுக்கிய கல்லையும் பார்க்கலாம்.

"நவீன ஓவியம் எனக்குப் புரியாதே!" என்று பயப்படத் தேவையில்லை. வாசலில் கோலம் போடும் பெண் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டா போடுகிறாள்? புள்ளியும் கோடும் சேர்வதில் ஓர் அழகு இருக்கிறது. அதைக் கண்டு ரசிக்கிறோம். படத்தையும் முதலில் அப்படியே பார்த்தால் போதும். நிறம் எப்படிச் சேர்ந்திருக்கிறது, கோடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். குழந்தையை முன்னே விட்டு, "இதில் உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்குப் படாதது அதன் கண்ணில் படும்.

எல்லாம் இனிப்பல்ல

சோழமண்டலத்தின் கதையில் கசப்பும் உண்டு.

1977-ல் பணிக்கர் காலமானார். அப்போது அவருக்கு வயது 65. ஊரைத் தாங்கிய தூண் போயிற்று. தொடங்கியவர்களில் சிலர் பாரிஸுக்கும் வேறு சிலர் வேறு ஊர்களுக்கும் போனார்கள். சிலர் மறைந்தார்கள். தந்தைக்குப் பின் கிராமத்தின் பொறுப்பைச் சுமந்த நந்தகோபாலும் 2017-ல் காலமானார்.

இன்னொரு மாறுதலும் நேர்ந்தது. காலப்போக்கில் ஓவியங்களுக்கே விலை வர ஆரம்பித்தது. படம் விற்றதும் பத்திக் வேலை குறைந்தது. ஊரைக் கட்டிய துணி மெல்ல ஒதுங்கிக்கொண்டது! ஏணி தன் வேலையைச் செய்துவிட்டது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் எல்லோரும் சேர்ந்து மெழுகு உருக்கிய நாட்களில் இருந்த நெருக்கம் வேறு, தனித்தனி வீட்டில் தனித்தனியாகத் தீட்டும்போது உள்ள நெருக்கம் வேறு அல்லவா?

கூடவே ஒரு கேள்வியும் நிற்கிறது. அன்று மணல் காடாக இருந்ததால் வாலிபர்களால் நிலம் வாங்க முடிந்தது. இன்று படிப்பு முடித்து வரும் ஓர் ஏழை ஓவியனால் அந்தச் சாலையில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியுமா? முடியாது. இந்தத் தலைமுறைக்கு வேறு மணல் காடு வேண்டும். வேறு சங்கம் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஊர் நிற்கிறது. ஐம்பது வருஷங்களுக்கு மேலாக நிற்கிறது. ஓவியர்கள் சேர்ந்தால் சண்டைதான் வரும், சங்கம் நிலைக்காது என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

திருப்பூருக்கு ஒரு வார்த்தை

திருப்பூரில் துணிக்குப் பஞ்சம் இல்லை. சாயம் தெரிந்த கைகளுக்கும் பஞ்சம் இல்லை. ஒரு பனியனின் மார்பில் அச்சாகும் பூவை, புலியை, எழுத்தை யாரோ ஒருவர் முதலில் வரைந்துதான் ஆக வேண்டும். பிரிண்டிங் பட்டறையில் சட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு பென்சில் ஓடியிருக்கிறது. அந்தப் படம் உலகம் சுற்றுகிறது. பின்னலாடை வடிவமைப்பைக் கற்றுத்தரும் கல்லூரியும் திருப்பூரிலேயே இருக்கிறது. ஆகவே, "படம் சோறு போடுமா?" என்ற கேள்விக்கு, "போடுகிறது" என்று திருப்பூரே பதில் சொல்லும்.

பக்கத்தில் கோவையில், அவினாசி சாலையில், கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இருக்கின்றன. கஸ்தூரி சீனிவாசன் பஞ்சாலைத் தொழில் ஆராய்ச்சி நிலையமான 'சிட்ரா'வின் முதல் இயக்குநராக இருந்தவர். அவரே ஓவியரும் எழுத்தாளரும் ஆவார். பஞ்சு ஆராய்ச்சியும் படம் வரைதலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன! சென்னைக்குப் போக வசதிப்படாதவர்கள் ஒரு விடுமுறை நாளில் கோவைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் சோழமண்டலம் சொல்லும் பாடம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. துணியில் போடும் படம் வயிற்றை நிரப்பும். நிரம்பிய பிறகு, யாருக்காகவும் அல்லாமல் தனக்காக ஒரு படம் போட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், கூட நாலு பேர் வேண்டும். இந்த மூன்றையும் ஒருவர் தனியாகச் சம்பாதிப்பது கடினம். சங்கமாகச் சேர்ந்தால் கிடைக்கும்.

தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த 18 வயதுப் பையன், "சரி, நமக்கு விதித்தது இதுதான்" என்று இருந்திருந்தால், ஈஞ்சம்பாக்கத்தில் இன்றைக்கு அந்த ஊர் இருந்திராது. அவன் ஏழு வருஷம் காத்திருந்தான். குடும்பத்தையும் கைவிடவில்லை, தூரிகையையும் கைவிடவில்லை.

ஆகவே, இன்று மாலை கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படத்தைக் கண்டால், தாய்மார்கள் அதைக் கிழித்துப் போட வேண்டாம். கணக்கை முடிக்கச் சொல்லலாம். முடித்த பிறகு, "எங்கே, அந்தப் படத்தைக் காட்டு, பார்ப்போம்" என்றும் சொல்லலாம்.

அதற்குக் காசா, பணமா?